காண்டாக்ட் பேப்பரில் ஒரு நெற்றி

என் வீட்டுக்காரரின் தலைத்திவசத்துக்கு நாலு நாள் இருக்கும்போது மகன் பெங்களூரிலிருந்து வந்து இறங்கினான். கையில் பெரிய அட்டைப் பெட்டி. கூடத்தில் வைத்துப் பிரித்ததும் புதுச் சட்டத்தின் வார்னிஷ் வாடை குப்பென்று அடித்தது. உள்ளே அவர் இருந்தார். மணிமுத்தாறு அருவியில் குளித்துவிட்டு, தோளில் துண்டோடு நிற்கிற படம். என்னிடம் இருக்கிற உள்ளங்கை அளவுப் படத்தைத்தான் மகன் போனில் பிடித்துக்கொண்டு போய், இப்படிப் பெரிசாக்கிக் கொண்டுவந்திருக்கிறான்.

"எப்படிம்மா இருக்கு அப்பா?" என்றான்.

நல்லாத்தான் இருந்தது. கண் பளிச்சென்று இருந்தது. முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. ஆனால் நெற்றி வெறுமையாக இருந்தது.

"நெத்தியில துன்னூறு எங்கய்யா?"

அவன் குனிந்து பார்த்தான். சிறிய படத்தை எடுத்து ஒப்பிட்டான். பிறகு தலையைச் சொறிந்தான். "பழைய படம்லா. கீறலை எல்லாம் கம்ப்யூட்டரே தொடச்சிரும்மா. இதையும் கீறல்னு நெனச்சுருச்சு போல."

எங்களுடையது சைவக் குடும்பம். குளித்து, நெற்றிக்குத் திருநீறு இட்ட பிறகுதான் அவர் வாயில் தண்ணீர் படும். கடைசிக் காலத்தில் எழுந்திருக்க முடியாமல் கிடந்தபோதுகூட, ஈரத்துணியால் நான் முகத்தைத் துடைத்ததும் தானாக நெற்றியைத் தூக்கிக் காட்டுவார். வெறும் நெற்றியோடு அவரை நாலு பேர் பார்த்ததில்லை. இப்போது அந்த முகத்துக்கு முன்னால்தான் இலை போட்டுப் படைக்க வேண்டும், சொந்தபந்தம் எல்லாம் வந்து கும்பிட வேண்டும். இதை மகனிடம் காட்டிக்கொள்ளவில்லை. லீவு கிடைக்காமல் கிடைத்து வந்திருக்கிறான்.

வார்னிஷ் வாடையென்று சொன்னேன் இல்லையா, அதைவிடக் காட்டமான ஒரு வாடை என் மூக்கில் பல வருஷம் குடியிருந்தது. படம் கழுவுகிற ஹைப்போ மருந்தின் வாடை. விக்கிரமசிங்கபுரத்தில் நூல் மில்லில் அவருக்கு வேலை. வேலை இல்லாத நேரத்தில் படம் பிடிப்பார். பிழைப்புக்காக இல்லை, பைத்தியம்தான். ஒரு பழைய பெட்டிக் கேமரா வைத்திருந்தார். பிலிமைக் கழுவுவது, அதிலிருந்து படம் போடுவது எல்லாம் வீட்டிலேயே. மில் கொடுத்த வீட்டில் இருந்தது ஒன்றரை அறை. அதில் ஜன்னல் இல்லாத இடம் சாமி அறை ஒன்றுதான். சுப்பிரமணியர் படத்துக்கு மேலே சிவப்பு ஜீரோ பல்பு எரியும். படம் போடுகிற காண்டாக்ட் பேப்பருக்கு அந்தச் சிவப்பு வெளிச்சம் ஒன்றும் செய்யாது என்று கண்டுபிடித்த அன்றைக்கு அவருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்கணுமே! "ஏளா, முருகனே நமக்கு டார்க் ரூம் கட்டி வச்சிருக்காம் பாரு" என்றார்.

என் மாமியார் லேசில் ஒத்துக்கொள்ளவில்லை. "சாமிக்கு முன்னால மருந்துத் தண்ணியைக் கலக்குதான். குளிக்காம உள்ள கால வச்சே, சட்டியத் தூக்கித் தெருவுல எறிஞ்சுருவேன்" என்றார். அதனால் படம் போடுகிற நாளில் இரண்டு பேரும் தலைக்குக் குளித்து, நெற்றியில் பூசிக்கொண்டுதான் உள்ளே போவோம். இது மில்லில் தெரிந்துவிட்டது. கூட வேலை பார்க்கிற ஒருத்தர் குழந்தையின் படத்தை வாங்க வந்தபோது செருப்பை வாசலில் கழற்றிவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார். "என்னவே செய்யுதீரு?" என்று இவர் கேட்க, "சாமி ரூம்ல வச்சுக் கழுவுன படம்லா அண்ணாச்சி, கும்பிடாம வாங்கலாமா?" என்றாராம். அன்றிலிருந்து இவருக்கு மில்லில் 'போட்டோ குருக்கள்' என்று பெயர்.

காண்டாக்ட் பேப்பர் என்றால் இப்போது யாருக்குத் தெரியும்? நெகடிவ்வை அதன்மேல் அப்படியே ஒட்ட வைத்து, கண்ணாடிச் சட்டத்துக்குள் இறுக்கி வெளிச்சம் காட்ட வேண்டும். நெகடிவ் எவ்வளவோ அவ்வளவுதான் படம். பெரிசாகாது, சிறிசாகாது. சட்டத்தைப் பிடித்துக்கொள்வது அவர், குண்டு பல்பைப் போட்டு அணைப்பது நான். கடிகாரம் பார்க்க முடியாது என்பதால் 'முருகா, முருகா' என்று சொல்லித்தான் கணக்கு. எனக்கு வாய் வேகம். "முருகன் எங்கயும் ஓடிப் போகமாட்டாம்ளா, பையச் சொல்லு" என்பார். பையச் சொன்னால் மனசு சாமியிடம் போய்விடும், பல்பை அணைக்க மறந்துவிடுவேன். படம் கரிக்கட்டையாக வரும். வீணாய்ப் போன பேப்பர் எல்லாம் என் பக்திக் கணக்கில்தான் சேர்த்தி.

ஒரு தடவை, மில்லில் வேலை பார்க்கிற ஒருத்தர் மகளின் நிச்சயதார்த்தப் படத்தில் பெண்ணின் கன்னத்தில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி. அம்மை போட்ட மாதிரி. நெகடிவ்வைத் தூக்கிப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். "ஏளா, துன்னூறு பூசிட்டுக் கையக் கழுவாமத் தொட்டியா?" நெகடிவ்வின் மேல் உதிர்ந்த பொடி வெளிச்சத்தை மறைத்துவிட்டிருக்கிறது. வேறு ஆளாக இருந்தால் கத்தியிருப்பார். இவர், "சரி விடு, பிள்ளைக்குக் கல்யாணத்துக்கு முன்னாடியே சாமி பூசி விட்டுட்டாரு" என்று சொல்லிவிட்டு வேறு பேப்பரை எடுத்தார்.

மணிமுத்தாறு படத்துக்கு வருகிறேன். கல்யாணமாகி இரண்டாவது வருஷம் போயிருந்தோம். அருவியில் குளித்து ஏறி, துண்டில் முடிந்து வைத்திருந்த திருநீற்றை ஈரத்தோடு குழைத்துப் பூசிக்கொண்டு பாறையில் நின்றார். கேமராவை என் கையில் கொடுத்து, "எல்லாம் வச்சிருக்கேன், நீ அமுக்கு, போதும்" என்றார். ஊரில் எல்லாரையும் படம் பிடித்த மனுஷனை யாருமே பிடித்ததில்லை. வாலிபத்தில் எடுத்ததென்று அவருக்கு இருப்பது அந்த ஒரே படம்தான்.

அதைச் சாமி அறையில் போட்டபோது நானும் இருந்தேன். மருந்துச் சட்டியில் பேப்பர் சும்மா வெள்ளையாகக் கிடந்தது. முதலில் பாறை வந்தது. பிறகு முடி, பிறகு கண். நெற்றி கடைசியில்தான். வெறும் வெள்ளையாகத் தெரிந்த இடத்தில் திருநீறு மெல்லத் தனியாகப் பிரிந்து நின்றது. மேல் கோடு காய்ந்து வெளுத்திருந்தது, கீழ்க் கோடு இன்னும் ஈரம். "பாத்தியா, வெள்ளைக்குள்ள வெள்ளையக் காட்டுது. இந்தப் பேப்பரு ஏமாத்தாது" என்றார். நான் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சிவப்பு வெளிச்சத்தில், சட்டிக்குள் ஒருத்தராகவும் பக்கத்தில் ஒருத்தராகவும் இருந்தார். நெகடிவ்கள் எல்லாம் தச்சநல்லூருக்கு வீடு மாறிய பிறகு ஒரு மழைக்காலத்தில் ஒன்றோடொன்று ஒட்டிப் பாளமாகிப் போயின. இந்தப் படம் மட்டும் சுப்பிரமணியர் படத்துக்குப் பின்னால் செருகியிருந்ததால் பிழைத்தது.

திவசத்துக்கு இரண்டு நாள் முன்னால் மகன் என்னை ஜங்ஷனில் ஒரு போட்டோக் கடைக்குக் கூட்டிப்போனான். கடைப் பையன் மரியாதையானவன். "மூணு கோடுதானம்மா, இப்பவே போட்டுத் தாரேன்" என்று திரையில் இழுத்தான். ஸ்கேல் வைத்து அடித்த மாதிரி மூன்று கோடு. காலண்டர் சாமிக்குப் போட்ட மாதிரி இருந்தது.

"இன்னும் வெள்ளையாக்கணுமாம்மா?"

"வெள்ளை கூட வேண்டாம்யா. ஈரத் துன்னூறு அது. மேல காஞ்சிருக்கும், கீழ காஞ்சிருக்காது."

"வெள்ளையில என்னம்மா ரெண்டு வெள்ளை?" என்று சிரித்தான்.

சிறிய படத்தைக் கொடுத்தேன். கடை வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தான். சிரிப்பு நின்றுவிட்டது. "ஆமா... தெரியுதும்மா. ஆனா என் மெஷின்ல இது விழாது" என்றான்.

"இந்தப் பேப்பர் எங்கயாவது கிடைக்குமாய்யா?"

"நான் கண்ணால பாக்குததே இதான் முதல் தடவைம்மா."

கோடு வேண்டாமென்று சொல்லிவிட்டேன். பொய்த் திருநீற்றுக்கு வெறும் நெற்றியே மேல் என்று தோன்றியது. "உனக்கு எதுதாம்மா பிடிக்கும்?" என்று மகன் பஸ்ஸில் சலித்துக்கொண்டான். அவன் அலுப்பும் நியாயம்தான்.

திவசத்தன்று படத்துக்கு மாலை போட்டு இலை போட்டதும் என் கொழுந்தன் கேட்டேவிட்டார். "என்ன மைனி, அண்ணன் நெத்தி இப்படி இருக்கு?" எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மகன் தலையைக் குனிந்துகொண்டான். நான் மரவைக் கிண்ணத்திலிருந்து திருநீற்றை அள்ளித் தண்ணீரில் குழைத்து, கண்ணாடிமேல் மூன்று விரலால் இழுத்துவிட்டேன். "இப்பச் சரியாருக்கு" என்றார் கொழுந்தன். கும்பிட்டார்கள், சாப்பிட்டார்கள், போனார்கள். மகனும் மறுநாள் ரயிலேறிவிட்டான்.

இப்போது தினம் காலையில் அவருக்கு நெற்றிக்கு இடுகிறேன். மத்தியானம் காற்றாடி போட்டால் காய்ந்து உதிர்ந்துவிடுகிறது. பேச்சுக்கு ஆள் இல்லாத வீட்டில் இதுவும் ஒரு வேலை, போகட்டும்.

சிறிய படத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோகப் போக அவர் கூடிக்கொண்டே வருவார். தோளில் நிற்கிற தண்ணீர்த் துளி தெரியும். துண்டின் நூல் தெரியும். ஆனால் என் இரண்டு கண்ணிலும் புரை விழுந்துவிட்டது, அவ்வளவு சின்னதை இனி என்னால் பார்க்க முடியவில்லை. பெரிய படத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று பக்கத்தில் போனால், முகம் பொடிப்பொடியாகச் சிதறி அவர் இல்லாமல் போய்விடுகிறார். அவராகத் தெரிய வேண்டுமென்றால் பின்னால் நகர்ந்து நகர்ந்து கூடத்தின் எதிர்ச் சுவர் வரைக்கும் போக வேண்டியிருக்கிறது. அங்கே போய்த்தான் நிற்கிறேன்.