முகத்துவாரத்தில் டிரவுட் தூண்டில்

மாசிக் கடைசியில் சென்னையில் இப்படி மழை பெய்து நான் பார்த்ததில்லை. மூன்று நாளாக வெயிலே இல்லை. மயிலாப்பூர்த் தெருக்களில் போர்வையும் தலைப்பாகையுமாக ஆட்கள் போனார்கள். அந்தக் குளிர்தான் என் அண்ணனைக் கட்டிலை விட்டு எழுப்பியது.

அண்ணன் பன்னிரண்டு வருஷம் நீலகிரியில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கராக இருந்தவர். அங்கே ஓடைகளில் டிரவுட் மீன் பிடிக்கக் கற்றுக்கொண்டார். புழுவோ இரையோ கிடையாது. தூண்டில் முள்ளின் மேல் இறகைச் சுற்றிப் பூச்சி போலக் கட்டி, நீர்மேல் வந்து விழும்படி வீச வேண்டும். சித்திரை மழையில், விரல் மரத்துப்போகும் தண்ணீரில் நின்று வீசுவாராம். அண்ணி கரையில் நின்று, மீன் எங்கே எழும்புகிறது என்று கை காட்டுவாராம். போன வருஷம் அதே குளிரில் நுரையீரல் காய்ச்சல் கண்டு அண்ணி போய்விட்டார். வேலையை விட்டுவிட்டு அண்ணன் என் வீட்டுக்கு வந்தார். வந்த நாள் முதல் சுவரைப் பார்த்தே படுத்திருந்தார்.

அன்று காலை, "இது மலைக் குளுருடா. தூண்டில் கோலை எடு, போவோம்" என்றார். எனக்கு உண்டான சந்தோஷத்தில் எங்கே என்றுகூடக் கேட்கவில்லை. டிரவுட்டுக்குச் சென்னையில் எங்கே போவது? அடையாற்று முகத்துவாரத்தில் கொடுவா மீன் கிடைக்கும் என்று கேள்விப்பட்டிருந்தேன். அங்கே புறப்பட்டோம்.

வழி கேட்பவர்களுக்கு: தெப்பக்குளத்திலிருந்து சாந்தோம் கோடி வரை ஜட்கா வண்டி. நாலணா கேட்பார்கள், மழையென்றால் ஆறணா. அதற்கப்பால் கடலோரமாகத் தெற்கே மணலில் ஒரு மைலுக்கு மேல் நடை. ஈர மணலாதலால் கால் புதையவில்லை, அது ஒன்றுதான் சௌகரியம். ஜட்காக்காரர் எங்களை இறக்கிவிட்டு, "இந்த மழைல இன்னா மீனு சாமி? வூட்ல குந்திக்கினு கஞ்சி குடிக்காம" என்று குதிரையைத் திருப்பினார்.

ஆறும் கடலும் சேருமிடம் சாம்பல் நிறமாகக் கிடந்தது. வானத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே கோடே தெரியவில்லை. பக்கத்துக் குப்பத்து மீனவர் ஒருவர் மட்டும் வீச்சு வலையோடு நின்றிருந்தார். பெயர் அந்தோணி. அண்ணன் கோலை முன்னும் பின்னும் வீசுவதைப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

"இன்னா நைனா, உங்க அண்ணாத்த வானத்த சாட்டையால அடிச்சிக்கினு கீறாரு?"

நானும் சிரித்தேன். அண்ணன் திரும்பவில்லை. ஆனால் அந்த நூல் காற்றில் வளைந்து போய் நீரைத் தொட்ட விதம் அழகாக இருந்தது. அண்ணி கண்டது இதைத்தான் என்று நினைத்துக்கொண்டேன். மழைக்கு ஒதுங்கி, கரையில் தள்ளிக் கவிழ்த்திருந்த படகின் மறைவில் போய் உட்கார்ந்தேன்.

வெகு நேரம் ஒன்றும் இல்லை. பிறகு கோல் சட்டென்று வளைந்தது. கனமான கொடுவா. ஒருமுறை நீர்மேல் குதித்து வெள்ளியாகப் புரண்டதைக் கண்ணாரப் பார்த்தேன். ஓடை மீனுக்காகச் செய்த மெல்லிய கோல் அது, நடுவில் முறிந்தது. அண்ணன் நூலைக் கையில் சுற்றிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். முழங்கால், இடுப்பு, மார்பு. கடல் உள்வாங்கும் வற்றம் தொடங்கி, ஆற்று நீர் கடலுக்கு வேகமாகப் போய்க்கொண்டிருந்தது.

"அண்ணா! விட்டுடு! திரும்பி வா!"

அவர் திரும்பிப் பார்த்தார். நான் கத்தியது கேட்டது என்று அந்த முகத்தில் தெரிந்தது. மறுபடி கடல் பக்கம் திரும்பி நடந்தார்.

எனக்கு நீந்தத் தெரியாது. இடுப்பளவில் நின்று அலறத்தான் முடிந்தது. அந்தோணி வலையைப் போட்டுவிட்டுப் பாய்ந்தார். இரண்டு தலைகளும் மறைந்து மறைந்து தெரிந்தன. கடைசியில் கரையோர மணல் திட்டு ஒன்றில் அண்ணனின் சட்டையைப் பிடித்து இழுத்து வந்து போட்டார். மூச்சு வாங்கியபடி என்னைத் தனியே அழைத்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நைனா, நான் புடிச்ச கைய ஒதறினாரு. மீனுக்காவ எறங்கல அவரு. பாத்துக்கோ."

அவர் குடிசையில் அவர் மனைவி சுக்குத் தண்ணீர் போட்டுக் கொடுத்து, தன் புருஷனின் உலர்ந்த வேட்டியையும் தந்தார். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அண்ணனின் உள்ளங்கையில் நூல் அறுத்த காயம் ஆழமாக இருந்தது. அந்த அம்மாள் அதில் மஞ்சளை அப்பினார்.

திரும்பும்போது, சாந்தோம் வருவதற்கு முன் நானே கேட்டேன்.

"மீனுக்காகத்தானே அண்ணா?"

மஞ்சள் அப்பிய உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டார். "இறங்கினது மீனுக்குத்தான். பாதியிலே, எதுக்குத் திரும்பணும்னு தோணிடுச்சு."

"இப்போ?"

"இப்போ குளுருதுடா" என்றார். பற்கள் தந்தியடித்தன. என் மேல்துண்டையும் அவர்மேல் போர்த்தி, தோளோடு அணைத்துக் கூட்டிவந்தேன். ஒரு வருஷத்தில் தன் உடம்பைப் பற்றி அவர் சொன்ன முதல் வார்த்தை, அந்தக் 'குளுருது'தான்.

இறகுத் தூண்டிலோடு அங்கே போக நினைப்பவர்கள் கடல் நீர் ஏற்றத்தில் போங்கள், வற்றம் தொடங்குமுன் கரையேறிவிடுங்கள். டிரவுட் கோல் கொடுவாவுக்குத் தாங்காது, தடித்த மூங்கில் வேண்டும். குடிக்கச் சூடாக ஏதாவது கொண்டு போங்கள். துக்கப்பட்டவர் ஒருவரை மனம் மாறட்டும் என்று அழைத்துப் போவதானால், அவர் வீசுகிற அழகைப் பார்த்துக்கொண்டு தூரத்தில் உட்காராதீர்கள். நனைந்தாலும் பரவாயில்லை, கைக்கெட்டும் இடத்தில் நில்லுங்கள்.