ஏழு சுற்றுச் சாக்கு

வடகரப்பதிப் பக்கம் இரண்டு ஏக்கரில் கடலை போடுகிறவர் நாச்சம்மாள். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. மகள் செல்வப்பிரியாவுக்கு ஏழு வயது, ஆட்டிசம். எழுத்துக்கூட்டிப் படிப்பாள், நூறு வரை எண்ணுவாள். பள்ளிக்கூட மணி அடித்தால் மட்டும் காதைப் பொத்திக்கொண்டு கேட்டைத் தாண்டி ஓடிவிடுவாள். வெளியே கோயம்புத்தூர் லாரிகள் போகிற ரோடு.

மூன்றாம் முறை ஓடிய அன்று தலைமையாசிரியை கௌரி டீச்சர் நாச்சம்மாளை வரச்சொன்னார். டீச்சர் கல்பாத்தி அக்கிரகாரத்துக்காரர்.

"கோவிச்சுக்காதீங்கோ. இப்படியே போனா ஓணம் லீவு கழிஞ்சு, வீட்டிலேயே படிக்கிற லிஸ்டிலே பேரைச் சேர்த்துடுவேன். வாரத்திலே ஒரு நாள் டீச்சர் அங்கே வருவா. லாரி அடிச்சுட்டா நான் என்ன பதில் சொல்றது, கேட்டேளா?"

"ஊட்டுக்குள்ளயே கெடந்தா அவளுக்கு யாருங்க டீச்சர் சேக்காளி? நானும் எருமையுமா?"

டீச்சர் சிரிக்கவில்லை. ஓணத்துக்கு எட்டு வாரம் இருந்தது.

அது கடலை முளைக்கிற சமயம். மயில்கள் இறங்கி விதையைக் கிளறித் தின்றுகொண்டிருந்தன. அந்தச் சனிக்கிழமை வேப்பமரத்தடியில் மகளை உட்காரவைத்து, பழைய எண்ணெய் டின்னையும் ஒரு குச்சியையும் கொடுத்தார் நாச்சம்மாள். காலை முழுக்க டமடமவென்று அடித்தாள். ஒரு தடவைகூடக் காதைப் பொத்தவில்லை. சாயங்காலம் குக்கர் விசில் வந்ததும் கட்டிலுக்கடியில் போய்விட்டாள்.

மறுநாள் மகளுக்குப் பின்னால் நின்று நாச்சம்மாளே டின்னைத் தட்டிப் பார்த்தார். அலறினாள். குச்சியை அவள் கையில் கொடுத்ததும் அடங்கினாள். அவசரப்படாமல் மூன்று நாள் மாற்றி மாற்றிப் பார்த்தபின்தான் பள்ளிக்கூடம் போனார்.

"எப்ப வருதுன்னு தெரியாத சத்தந்தானுங்க அவளுக்கு ஆகறதில்ல. மணிய அவளே அடிக்கட்டுமுங்க."

மணியடிக்கிற பியூன் சின்னமுத்து அங்கேயே நின்றார். "அந்த வேலையையும் புடுங்கீட்டா நான் மண்ணையா திங்கறது அக்கா?"

"ஓணம் வரைக்குந்தான் பாரு, சின்னமுத்து. ஆகலீன்னா ஊட்டுப்படிப்புக்கு நானே கையெழுத்துப் போட்டுத் தாறனுங்க, டீச்சர்." டீச்சர் அரை மனதோடு சம்மதித்தார்.

மணி என்பது மாமரத்தில் தொங்கும் தண்டவாளத் துண்டு. அடிக்கிற இரும்புக் கம்பியில் நாச்சம்மாள் ஏழு சுற்று சாக்குத் துணி சுற்றினார். ஒரு தாளில் மணியடிக்கும் நேரங்களைக் கடிகாரமாக வரைந்து, எத்தனை அடி என்று கீழே கோடு போட்டு மகளிடம் தந்தார். முதல் நாள் செல்வப்பிரியா கம்பியைத் தொட்டாள், போட்டாள், ஓடினாள். நாச்சம்மாள் கேட்டிலேயே உட்கார்ந்திருந்தார். இரண்டாம் நாள் அடித்தாள். "தொப்" என்று ஒரு சத்தம், யாருக்கும் கேட்கவில்லை. சின்னமுத்து வகுப்பு வகுப்பாகப் போய், "சோறு, சோறு!" என்று கத்தவேண்டியதாயிற்று.

மூன்று நாளைக்கு ஒரு சுற்றுக் குறைத்தார். மகள் முகம் சுருங்கினால் மறுபடி சுற்றினார். நாலாவது சுற்றில் எட்டு நாள் நின்றுபோனது. "காட்டுல களை முட்டிக்கு நிக்குது, நீ பள்ளிக்கூடத்துக்குக் காவலா?" என்று கணவர் அர்த்தநாரி சத்தம் போட்டார்.

"களை எங்கீங்க போகுது? அங்கயேதான நிக்கும்."

ஓணம் லீவுக்கு நாலு நாள் முன்பு வெறுங்கம்பியால் அடித்தாள் செல்வப்பிரியா. கணீரென்று கேட்டது. பிள்ளைகள் கைதட்டினார்கள்.

கௌரி டீச்சர் மட்டும் யோசித்தார். "அவ அடிக்கறா, செரி. வேற யாராவது அடிச்சா? எல்லா ஸ்கூலிலேயும் கம்பியை அவ கையிலே தருவாளா?"

நாச்சம்மாளுக்கும் அதுதான் பயம்.

லீவுக்கு முந்தின கடைசி நாள் மதியம், சோதித்துப் பார்க்க, செல்வப்பிரியாவை வகுப்பில் இருத்திவிட்டு, சின்னமுத்து கம்பியை எடுத்தார். வராந்தாவில் டீச்சர், கையில் வீட்டுப்படிப்புப் படிவம். கேட்டில் நாச்சம்மாள்.

முதல் அடி விழுந்தது. செல்வப்பிரியாவின் கைகள் காதை நோக்கி எழுந்தன. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். கைகள் பாதியில் நின்றன. விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின. மணி ஓய்ந்ததும் எழுந்து விறுவிறுவென்று வெளியே வந்தாள். நாச்சம்மாள் கேட்டைப் பிடித்துக்கொண்டார்.

அவள் கேட்டுக்கு வரவில்லை. நேரே சின்னமுத்துவிடம் போனாள்.

"சோத்துக்கு நாலு. மூணுதான் அடிச்சீங்க."

சின்னமுத்து தலையைச் சொறிந்தார். "பயத்துல எண்ணல, புள்ள."

"அப்புறமென்ன, அடியுங்கோ! குழந்தை சொல்றாளோல்லியோ!" என்று டீச்சர் படிவத்தை இரண்டாகக் கிழித்தார்.

நாலாவது அடி விழுந்தது. செல்வப்பிரியா தட்டை எடுத்துக்கொண்டு சாப்பாட்டு வரிசையில் போய் நின்றாள்.