சுக்கான் பாறையில் விட்டுப்போன மூலை

எனக்கு வாய் நீளம். அவசரம் அதைவிட நீளம். இல்லாவிட்டால் இதை எழுத வேண்டியே வந்திருக்காது.

தஞ்சாவூருக்குத் தெற்கே, வாய்க்காலின் கடைமடையில் எங்கள் நிலம். முறைத் தண்ணீர் எங்களை எட்டிப் பார்ப்பதற்குள் மேல்மடைக்காரர்கள் நடவையே முடித்துவிடுவார்கள். போன வருஷம் நாற்று கருகிப்போனது. குத்தகைக்கு விட்டுடலாம் என்று சிங்கப்பூரிலிருந்து வீட்டுக்காரர் சொல்ல, இன்னும் ஒரே வருஷம் என்று சண்டை போட்டு வாங்கினேன். இந்த நாற்றும் போனால் நிலம் என் கையைவிட்டுப் போய்விடும். அதனால்தான் ஆனி கடைசியில், நாற்றங்காலுக்குப் பக்கத்தில் குட்டை வெட்டப் பொக்லைனை வரவழைத்தேன்.

ஆள் உயரத்துக்குக் களிமண்ணாகவே வந்தது. அப்புறம் கிரீச்சென்று ஒரு சத்தம். அடியில் வெள்ளை வெளேரென்று பாறை. "சுக்கான் பாறை அக்கா, இதோட நிறுத்திக்கலாம்ங்க" என்றான் வண்டி ஓட்டுகிற தம்பி. ஆழம் கூடினால் தண்ணீர் கூடும், இதுகூடத் தெரியாதா என்று ஒரு பாட்டம் பேசி, பாறை உடைக்கிற பிரேக்கரை வண்டியில் மாட்டச் சொன்னேன்.

எலுமிச்சம்பழம் நசுக்காமல் அவன் எந்த வேலையும் தொடங்கமாட்டான். பழத்தைப் பாறைமேல் வைத்து வண்டியை ஏற்றினான். சாறு வழிந்த இடமெல்லாம் பொசுபொசுவென்று நுரைத்தது. குனிந்து காதைக் கொடுத்தேன், மெல்லிசாகச் சத்தம்கூடக் கேட்டது. அம்மாடி, உடம்பு சிலிர்த்துவிட்டது. கல்லென்றால் கல்லாகக் கிடக்க வேண்டாமா? இன்னும் கிட்டே பார்த்தால் குழல் குழலாக வேர்த் தடங்கள். வேர் என்றைக்கோ மக்கிப்போக, அதைச் சுற்றிப் படிந்த சுண்ணாம்பு மட்டும் நிற்கிறது. மழைத் தண்ணீர் மண்ணிலிருக்கும் சுண்ணாம்பைக் கரைத்துக் கீழே கொண்டுபோகும், தண்ணீர் காய்ந்ததும் சுண்ணாம்பு அங்கேயே தங்கிவிடும், அப்படி மழைக்கு மழை சேர்ந்து இறுகினதுதான் இது என்றான் தம்பி. எத்தனை மழை பெய்திருக்க வேண்டும்! பெரிய கோயிலே இதற்கு முன்னால் கைக்குழந்தை என்று தோன்றியது. கும்பிடத் தூக்கின கையைக் கூச்சப்பட்டு இறக்கினேன்.

அத்தனையும் பார்த்துவிட்டு "உடைங்க" என்றேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

உடைத்த இடத்துக்குக் கீழே பொடி மணல். கடைசி மூலைக்கு வரும்போது பிரேக்கரின் இரும்பு ஊசி முறிந்தது. அந்த மூலை ஒரு அறை அகலம் இருக்கும், பாறை அங்கே தாம்பாளம் போலக் குழிந்திருந்தது. சரிபண்ணிக்கொண்டு அடுத்த வாரம் வந்து முடித்துத் தருகிறேன் என்றான். அரைகுறையா விட்டுட்டுப் போறியே என்று ரோடுவரைக்கும் திட்டிக்கொண்டே போனேன். அந்த வாரம் போய், மாசமும் போனது.

ஆவணியில் நாற்று விட்டேன். முறை வந்தபோது குட்டையையும் கரை முட்ட நிரப்பினேன். மறுநாள் முழங்கால் அளவு. மூன்றாம் நாள் மணல்தான். வாய்க்காலும் நின்றுவிட்டது. பானையின் அடியைத் தட்டி உடைத்துவிட்டு அதில் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன். நாற்று நுனி சுருண்டதைப் பார்த்துக் கரையில் உட்கார்ந்து அழுதேன்.

அழுதுகொண்டே திரும்பினால், அந்தக் குழிந்த மூலையில் தண்ணீர் அப்படியே நிற்கிறது. கண்ணாடி மாதிரி, அடியில் வேர்த் தடம் தெரிய. ஓடிப்போய் வாளியை எடுத்து வந்தேன். காலையும் சாயங்காலமுமாக மொண்டு மொண்டு நாற்றங்காலில் ஊற்றினேன். கை காய்த்துப்போனது. ஐந்தாம் நாள் சுருண்ட நுனிகள் பிரிந்தன.

அன்றைக்குத்தான் தம்பி போன் பண்ணினான். பிரேக்கர் ரெடியாகிவிட்டதாம், கோபப்படாதீங்க, நாளைக்கே வந்து அந்த மூலையை உடைச்சுக் கொடுத்துடறேன் என்றான். நான் அப்போது அந்தத் தண்ணீருக்குள்தான் நின்றிருந்தேன், வெறுங்காலோடு, பாறைமேல்.

"வராதீங்க தம்பி" என்றேன். "என் நாத்து அதுலதான் குடிச்சிக்கிட்டிருக்கு."