கழுத்தில் கட்டிய துண்டு

என் மனைவியின் கழுத்தில் துண்டைக் கட்டியது நான்தான். அவளே கட்டிக்கொண்டாள் என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைக்கிறார்கள்.

அவளுக்கு இடது கன்னத்தின் உட்புறம் புற்று. மதுரையில் கன்னத்தையும் தாடையில் கொஞ்சத்தையும் வெட்டியெடுத்தார்கள். மார்புச் சதையைக் கழுத்துத் தோலுக்கடியில் கொண்டுவந்து அந்த இடத்தில் வைத்துத் தைத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் என்னிடம் இரண்டு முறை சொன்னார்: புதுச் சதைக்கு ரத்தம் கழுத்து வழியாகத்தான் போகிறது, அங்கே எதையும் கட்டக்கூடாது, காய்ச்சலோ வாடையோ வந்தால் அன்றைக்கே வந்துவிட வேண்டும். நான் வாழ்நாளெல்லாம் பள்ளியில் உயிரியல் நடத்தியவன். புரியவில்லை என்று சொல்ல எனக்கு வழியில்லை.

ராஜபாளையத்தில் நோயாளியைப் பார்க்க வருகிறவர்களைத் தடுக்க முடியாது. ஆரஞ்சுப் பழப் பையோடு நேரே கட்டில்வரை வந்துவிடுவார்கள். எல்லோரிடமும் பல் ஆபரேஷன் என்று சொல்லிவைத்திருந்தேன். புகையிலை கெடுதல் என்று ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவன் பெண்டாட்டிக்குப் புகையிலையால் புற்று என்றால் சிரிப்பார்கள். இதைத் தவிர வேறு காரணம் எதுவும் இல்லை.

ஆள் வரும்போதெல்லாம் தையல் தெரியாதபடி ஒரு துண்டைச் சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டேன். கசிந்த நீரில் அது நனைந்தே கிடந்தது. அவளால் பேச முடியாது. மூக்குக் குழாய் வழியாகத்தான் கஞ்சி. நோட்டில் "இறுக்குது" என்று எழுதிக் காட்டினாள்.

"செத்த நேரம் பொறுத்துக்கோ. அவிய போயிரட்டும்" என்றேன்.

ஒருவர் போனதும் இன்னொருவர் வந்தார்.

நாலாம் நாள் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து சம்பந்தி வீட்டார் வந்தார்கள். மகளின் மாமியார் கட்டிலருகே நின்று குழாயையே பார்த்தார்.

"பல்லப் புடுங்குனதுக்கு மூக்குல குழாயா அண்ணாச்சி? எங்க ஊர்ல பல்ல மட்டுந்தான் புடுங்குவாக."

நானும் சேர்ந்து சிரித்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அன்றைக்கே வாடை வந்துவிட்டது. சாம்பிராணி போட்டேன். மறுநாள் காய்ச்சல். சுந்தரபாண்டியத்துச் சொந்தக்காரர்கள் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அவர்களும் வந்து போகட்டும் என்று மேலும் இரண்டு நாள் கடத்தினேன். கடைசியில் மகள் வந்து தாயைத் தொட்டுப் பார்த்து, உடனே கார் பிடித்தாள்.

மதுரையில் டாக்டர் துண்டை அவிழ்த்தார். சதையின் ஓரம் கறுத்திருந்தது. கழுத்தில் சீழ் கோத்திருந்தது.

"யாரும்மா இதக் கட்டுனது? அம்புட்டுத் தூரம் சொல்லி அனுப்புனேனே" என்று அவளைத்தான் கேட்டார்.

அவள் நோட்டை வாங்கி எழுதினாள்: "நான்தான். பார்க்க அசிங்கமா இருந்துச்சு."

நான் பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

கெட்ட சதையை வெட்டியெடுத்தார்கள். கழுத்தில் விழுந்த ஓட்டை மூடவில்லை. எச்சில் அதன் வழியாக ஒழுகியது. புண் ஆறினால்தான் கரண்ட் வைக்க, அதாவது கதிர்வீச்சு கொடுக்க, முடியும் என்றார்கள். அது ஆறுவதற்குள் புற்று திரும்ப வந்துவிட்டது. அதற்குப் பிறகு ஐந்து மாதம் இருந்தாள். நோட்டில் கஞ்சி, மாத்திரை, ஜன்னல் என்று என்னென்னவோ எழுதினாள். துண்டைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. எழுதித் திட்டியிருந்தால் நான் அழுது ஒத்துக்கொண்டிருப்பேனோ என்னவோ. அந்த வசதியை அவள் எனக்குக் கொடுக்கவில்லை.

போன வாரம் மகள் மறுபடியும் ஆரம்பித்தாள்.

"அம்மா மட்டும் அந்தத் துண்டக் கட்டாம இருந்திருந்தா இன்னைக்கு இருந்திருப்பாப்பா."

"அவ யாரு சொன்னதக் கேட்டா?" என்றேன் நான்.