கூப்பிடாத பெயர்

அந்த விடுதியின் மூன்று மாடிகளிலும் அவளை ‘இத்ரீஸ் அம்மா’ என்றே அழைத்தார்கள். மகன் இத்ரீஸ் இறந்து இரண்டு ஆண்டுகள் கடந்திருந்தன. ஆனாலும் அடுப்பு காலியானதைச் சொல்லவும், வெந்நீர் நின்றுபோனதைச் சொல்லவும் யாராவது ஒரு பெண் கதவைத் தட்டி அந்தப் பெயரைச் சொன்னாள். அவள் உடனே எழுவதில்லை. முதலில் கேட்பது அவன் பெயர்தானே, அவனே பதில் சொல்லட்டும் என்று ஒரு கணம் காத்திருப்பாள். பிறகுதான் “வர்றேன்” என்பாள்.

ஆப்கானிஸ்தானின் பக்லானிலிருந்து ஈரானும் துருக்கியும் கடந்து ஜெர்மனியின் இந்தச் சிற்றூருக்கு அவள் வந்து பதினேழு மாதங்கள். விசாரணை முடிந்து பதினொரு மாதங்கள். அடைக்கலம் உண்டா இல்லையா என்ற முடிவு மட்டும் வரவில்லை. வந்தால் மஞ்சள் உறையில் வரும். இல்லை என்று வந்தால் இரண்டே வாரத்துக்குள் வழக்குப் போட வேண்டும். இது அங்கிருந்த குழந்தைகளுக்கும் தெரியும்.

கடிதம் வந்தவர்களின் பெயர்களைக் காலை பத்து மணிக்குக் காவலர் அறைக் கண்ணாடியில் ஒட்டுவார்கள். ஆப்கானியர்களில் பலருக்கு அந்த எழுத்து வாசிக்க வராது. ரஜபுக்கு வரும். இருபது ஆண்டுகள் காபூல் வேனின் கதவில் தொங்கியபடி ஆள் கூப்பிட்ட மனிதர் அவர். பட்டியலைப் பார்த்துவிட்டுப் பொதுச் சமையலறை வாசலில் வந்து நிற்பார்.

“கேளுங்க, கேளுங்க! நஸீர், ஏழாம் நம்பர்! பர்வேஸ்! டேய் பர்வேஸ், ஆஸ்பத்திரி பில்லா இருக்கும், பல்ல இளிக்காத!”

“ரஜப் மாமா, காபூலுக்கு ஒரு சீட்டு இருக்குமா?”

“இவங்களே ஓசியில ஏத்தி அனுப்புவாங்கடா. ஏறிக்கிறியா?”

எல்லோரும் சிரிப்பார்கள்.

பெண்களின் பெயரை மட்டும் ரஜப் சபையில் சொல்வதில்லை. ஊரில் எந்த மரியாதை தெரிந்த ஆணும் அப்படிச் செய்ததில்லை. கணவனைத் தனியே அழைத்து, “உங்க வீட்டுக்கு ஒரு கடுதாசி” என்பார். அவ்வளவுதான்.

மார்ச் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, பட்டியலின் கடைசியில் ‘கோஹர்’ என்றொரு பெயர் இருந்தது. எவர் மனைவியோ, அவர் பார்த்துக்கொள்வார் என்று ரஜப் அதைத் தாண்டிவிட்டார். அன்றும் இத்ரீஸ் அம்மா வழக்கம்போலக் கேட்டாள்.

“ரஜப் பாய், எனக்கு ஏதாவது?”

“இல்ல, இத்ரீஸ் அம்மா. வந்தா சொல்லாம இருப்பேனா?”

மூன்று நாள் தொங்கிய தாள் நான்காம் நாள் மாற்றப்பட்டது.

பத்தொன்பதாம் நாள் விடுதி நிர்வாகியே யாரும் வாங்காத மஞ்சள் உறையோடு மாடியேறி வந்து கதவைத் தட்டினாள். வாசித்துச் சொல்ல ரஜபை அழைத்தார்கள். உறையின் மேலிருந்த தேதி இரண்டு வாரத்தைத் தாண்டியிருந்தது.

“கோஹர்... யாரு இந்தக் கோஹர்?”

“நான்தான்.”

ரஜப் நடைவழியிலேயே உட்கார்ந்துவிட்டார். “நீங்களா? மூணு நாள் இந்தக் கண்ணால பாத்தேனே. எவன் சம்சாரமோன்னு விட்டுட்டேன்.”

எதிர் அறை ஷகீபாவுக்குப் பொறுக்கவில்லை. “காபூலுக்குப் போற சனத்தையெல்லாம் கூப்பிட்ட வாய்க்கு ஒரு பொம்பளை பேரு வெக்கமாப் போச்சா?”

“அவர ஏசாத ஷகீபா,” என்றாள் கோஹர். “இங்க எம்பேரு உனக்கு மட்டும் தெரியுமா?”

முடிவு ‘இல்லை’ என்றிருந்தது.

மறுநாள் கோஹரும் ரஜபும் நகரத்து வழக்கறிஞரிடம் போனார்கள். மொழிபெயர்ப்பாளர் தொலைபேசியில் இருந்தார். தாமதத்தை மன்னிக்கக் கேட்கலாம், ஆனால் காரணத்துக்குச் சாட்சி வேண்டும் என்றார் வழக்கறிஞர். ரஜப் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

“கோஹர்னு எழுதியிருந்துச்சு. நான் சத்தமாச் சொல்லல. தப்பு என்னுது.”

அந்தப் பெயரை ஓர் ஆண் உச்சரித்து அவள் கேட்டு எத்தனையோ ஆண்டுகள் ஆகியிருந்தன.

வழக்கறிஞர் மறுப்புக் கடிதத்தைப் புரட்டினார். மகன் தனக்குத் தெரிந்தவர்களோடு தானாகவே வெளியே போனான் என்று அவளே விசாரணையில் சொல்லியிருக்கிறாள். ஆகவே கடத்திக் கொன்றார்கள் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று எழுதியிருந்தார்கள்.

“உண்மையிலேயே அவன் தானாத்தான் போனானா?” என்றது தொலைபேசிக் குரல்.

அவள் மேசையைப் பார்த்தபடி சொன்னாள்.

“வாசல்ல ரெண்டு பேர் நின்னாங்க. ‘பையனக் கொஞ்சம் கூப்பிடுங்கம்மா’ன்னு மரியாதையாக் கேட்டாங்க. கூப்பிட்டேன். சாப்பிட்டுக்கிட்டு இருந்தவன் இல்லன்னு தலையாட்டினான். பின் சுவரக் காட்டினான். எனக்குப் புரியல. வீடு தேடி வந்தவங்கள வெளிய நிக்க வைக்காதடான்னு மறுபடியும் கூப்பிட்டேன். ரெண்டாவது தடவ கூப்பிட்டப்புறம் கையக் கழுவிட்டு வந்தான்.”

ரஜப் சன்னலைப் பார்த்தபடி இருந்தார். இதை அன்றே சொல்லியிருக்கலாமே, அவன் போக மறுத்தான் என்பதுதான் வழக்கின் உயிர் என்றார் வழக்கறிஞர்.

“எழுதியே ஆகணுமா?”

“ஆமாம்.”

எழுதினார்கள். அவள் பெருவிரல் ரேகை வைத்தாள்.

தாமதம் மன்னிக்கப்பட்டதாக ஜூனில் செய்தி வந்தது. வழக்கின் முடிவுக்கு இன்னும் ஓராண்டு ஆகலாம். ரஜப் இப்போது பெண்களின் பெயர்களையும் வாசிக்கிறார், குரலைத் தாழ்த்தி, தரையைப் பார்த்தபடி. கோஹரும் சமையலறையில் நின்று கேட்கிறாள். தன் பெயர் இல்லாத நாளில் அவளுக்கு மூச்சு சீராக வருகிறது. எங்கோ ஒரு நீதிபதி அவள் ரேகை வைத்த அந்தத் தாளைப் படிக்கப்போகிறார். ‘உண்டு’ என்று அவர் எழுதினால், அவளுடைய அந்த இரண்டாவது அழைப்பில்தான் மகன் போனான் என்பதை அவர் நம்பிவிட்டார் என்று பொருள். ‘உண்டு’, ‘இல்லை’ என்ற இரண்டில் எதைக் கேட்டுத் தொழுவது என்று தெரியாமல், விரித்த கைகளோடு அவள் உட்கார்ந்திருக்கிறாள்.