மருந்துக்கடைக்காரம்மா வீட்டு மாடி

பேருந்தில் ஏறி டிக்கெட் சரிபார்க்கும் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவருக்குத் தெருவில் 'செக்கிங்' என்றுதான் பெயர். வேலை போனாலும் அந்தக் கண் போகவில்லை. டிக்கெட் எடுக்காதவன் ஜன்னலுக்கு வெளியே ரொம்ப அக்கறையாகப் பார்ப்பான், தூங்குகிற மாதிரி நடித்தால் இமை துடிக்கும், கை மட்டும் பையைத் திரும்பத் திரும்பச் சரிசெய்துகொண்டிருக்கும். இப்படிப் பார்த்தே பழகியதால், எதிரில் யார் வந்து நின்றாலும் அவர் முகத்தைப் பார்க்கும் முன் கையைப் பார்ப்பார். பெற்ற பிள்ளை வந்து நின்றாலும் டிக்கெட் கேட்கிற ஆள் என்று மனைவி கேலி செய்வாள். அவர் மறுத்ததில்லை.

அந்த மனைவிதான் சுற்றுச்சூழல் குழுவில் போய்ச் சேர்ந்தாள். தெருமுனையில் மருந்துக்கடை வைத்திருக்கும் அம்மா தொடங்கிய குழு அது. யாருக்கும் சம்பளம் கிடையாது. வீடு வீடாகப் போய்க் குப்பையைப் பிரிக்கச் சொல்வார்கள். பிஸ்கட் உறையைக்கூடக் கழுவிக் காயவைத்துக் கொடுங்கள், அது சாக்கடையை அடைக்காமல் நாங்கள் மறுசுழற்சிக்கு அனுப்பிவிடுகிறோம் என்பார்கள். சனிக்கிழமை காலையில் சின்ன வேன் ஒன்று வந்து மூட்டைகளை அள்ளிப் போகும். வீட்டுக் கொடியில் செக்கிங்கின் சட்டைகளுக்கு நடுவே பால் கவரும் பிஸ்கட் உறையும் கிளிப் மாட்டித் தொங்க ஆரம்பித்தன.

அந்த மூட்டைகள் எங்கே போகின்றன என்று மனைவியைக் கேட்டார். அவளுக்குத் தெரியவில்லை. தெரியாதது அவளுக்கு உறுத்தவும் இல்லை. அவருக்கு அதுதான் உறுத்தியது.

பேசாமல் அவரும் உறுப்பினராகிவிட்டார். மனைவிக்கு வாயெல்லாம் பல். அவரோ கடைசி வரிசையில் உட்கார்ந்து நோட்டம் விட்டுக்கொண்டிருந்தார். முன்பெல்லாம் கூட்டம் மருந்துக்கடைக்காரம்மா வீட்டு மாடியில்தான் நடக்குமாம். இப்போது நூலகத்தின் பக்கத்து அறைக்கு மாறியிருந்தது. வீட்டில் பெயிண்ட் வேலை என்றார் அந்தம்மா. பெயிண்ட் அடிக்க ஓர் ஆள் வந்து செக்கிங் பார்க்கவில்லை. மாடி ஜன்னல்கள் எந்நேரமும் சாத்தியே கிடந்தன. ஹார்டுவேர் கடைக்காரர் பேச்சுவாக்கில், எலி பிடிக்கிற பசை அட்டையை அந்தம்மா மாதிரி வாங்குகிற ஆள் வேறு யாரும் இல்லை என்றார். தனியாக இருக்கிற வீட்டில் எலிக்கு அப்படி என்ன விருந்து?

ஒருநாள் தலைவலி மாத்திரை வாங்குகிற சாக்கில், வேன் எங்கே போகிறது என்று நேராகவே கேட்டுவிட்டார். "ஊருக்கு வெளியே சார்" என்று சிரித்தார் அந்தம்மா. சிரித்துக்கொண்டே, ஏற்கனவே ஒழுங்காக இருந்த மருந்துப் பெட்டிகளை மறுபடி ஒழுங்குபடுத்தினார். அந்தக் கையைச் செக்கிங் எத்தனையோ பேருந்துகளில் பார்த்திருக்கிறார்.

அடுத்த சனிக்கிழமை குளித்து, சவரம் செய்து, பழைய வேலை நாள் மாதிரி சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு ஸ்கூட்டரில் வேனின் பின்னால் போனார். வேன் ஊருக்கு வெளியே போகவில்லை. மார்க்கெட்டை ஒரு சுற்றுச் சுற்றி, மருந்துக்கடைக்குப் பின்னால் இருந்த சந்தில் வந்து நின்றது. டிரைவர் பாதி மூட்டைகளை அந்தம்மா வீட்டுப் பின்வாசலில் இறக்கிவிட்டு, மீதியோடு கிளம்பினார். ஆள் வசமாக மாட்டிக்கொண்டாள் என்று உள்ளே ஒரு துள்ளல். வாசலை மறித்துக்கொண்டு போய் நின்றார்.

அந்தம்மா அவரைப் பார்த்தார். ஓடவில்லை, அழவில்லை. குனிந்து மூட்டையின் ஒரு நுனியைப் பிடித்தபடி, "அந்தப் பக்கம் கொஞ்சம் பிடிங்க சார், மாடிக்குப் போகணும்" என்றார்.

என்ன ஏது என்று யோசிக்கும் முன் கை பிடித்துவிட்டது.

படிக்கட்டில் ஒரு ஆள் போகத்தான் வழி இருந்தது. மாடிக் கூடத்தில் கூரை வரைக்கும் மூட்டை. படுக்கையறையிலும் மூட்டை, கட்டில் மேலும் மூட்டை. எல்லாம் கழுவிக் காயவைத்த உறைகள், உள்பக்கம் வெள்ளியாக மின்னுகிற ரகம். தெருவே கழுவிக் கொடுத்தது. காற்றில்லாத அறையில் பழைய பிஸ்கட் வாடை அடித்தது.

பாட்டிலையும் கெட்டி டப்பாவையும் வாங்க ஆள் உண்டு, இந்த மினுக்கு உறைகளை வாங்கியவர் போன மழைக்காலத்தோடு நிறுத்திவிட்டார் என்றார் அந்தம்மா. வேறு யாரும் தொடக்கூட மாட்டேன் என்கிறார்கள்.

"அதைச் சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா எல்லாத்தையும் மறுபடி சாக்கடையில போட்டுடுவாங்க சார். பாட்டிலையும் சேர்த்து. அடுத்த வாரம் யாராவது கிடைப்பாங்கன்னு இங்க வச்சேன். அடுத்த வாரம், அடுத்த வாரம்னு நான் இப்ப கடையிலதான் படுக்கிறேன்."

செக்கிங் இதுவரை பிடித்தவர்கள் எல்லாரும் ஏதோ மிச்சம் பிடிக்கப் பொய் சொன்னவர்கள். பொய் சொல்லிப் படுக்கிற இடத்தையே இழந்த ஆளை அவர் பார்த்ததில்லை. சந்தேகம் சரியாகத்தான் போயிற்று. ஆனால் அதில் ஒரு ருசியும் இல்லை.

வீட்டில் அவர் வாய் திறக்கவில்லை. மனைவி கொடியில் உறைகளை மாட்டும்போது வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். சனிக்கிழமை வந்தால் மூட்டை தூக்கிக் கொடுக்கக் கிளம்பிவிடுவார். எங்கே என்று கேட்டால் "சும்மா" என்பார். இப்போது மனைவிக்குச் சந்தேகம் வந்தது. சவரம் என்ன, இஸ்திரிச் சட்டை என்ன! ஸ்கூட்டரோ மருந்துக்கடைச் சந்தில் நிற்கிறது! அவர் சாப்பிட உட்கார்ந்த நேரமாகப் பார்த்துப் பிடித்தாள்.

"மருந்துக்கடையில உங்களுக்கு என்ன வேலை? என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க."

முகத்தைப் பார்க்க முடியாமல் தட்டைப் பார்த்தார். பிறகு எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

அவள் அழுவாள், குழுவே வேண்டாம் என்பாள் என்று எதிர்பார்த்தார். அவள் கை கழுவிவிட்டு நேராக மருந்துக்கடைக்குப் போனாள். பின்னாலேயே இவரும் ஓடினார்.

"அக்கா, நாங்க என்ன சின்னப் பிள்ளைங்களா? உண்மையைச் சொன்னா தாங்க மாட்டோமா?" என்று கேட்டாள். கல்லாவுக்குப் பின்னால் நின்றிருந்த அந்தம்மா அப்போதுதான் அழுதார்.

அடுத்த கூட்டம் மாடியில் நடந்தது. உட்கார இடமில்லை, மூட்டைகளுக்கு நடுவே நின்றார்கள். ஏமாற்றிவிட்டதாகச் சிலர் கோபித்துக்கொண்டு படியிறங்கிப் போனார்கள், திரும்பி வரவில்லை. நின்றவர்கள் ஒரு முடிவுக்கு வந்தார்கள். இனி வீடுகளிலிருந்து மினுக்கு உறையைச் சேகரிப்பதில்லை. எடுப்பார் இல்லை, அதனால் அந்த உறையில் வருகிற பண்டத்தை முடிந்த மட்டும் கடையில் வாங்காதீர்கள் என்று வாசலில் நின்று வெளிப்படையாகவே சொல்வது. பாட்டிலும் டப்பாவும் முன்போலப் போகும். கேட்பவர்கள் யாரானாலும் வேனில் கூடவே போய்ப் பார்த்து வரலாம்.

உறைகளை உருக்கி அழுத்திப் பலகை செய்கிற பட்டறைக்காரர் ஒருவர் கொஞ்சம் மூட்டைகளை எடுத்துக்கொண்டார். அந்தம்மாவுக்குக் கட்டில் திரும்பக் கிடைத்தது. கூடத்தில் இருப்பவை இன்னும் அப்படியே கிடக்கின்றன. குழுவில் சேர யார் வந்தாலும் முதலில் மாடிக்கு அழைத்துப் போய் அதைக் காட்டுவது செக்கிங்கின் பொறுப்பு. பார்த்துவிட்டுப் பாதிப் பேர் போய்விடுகிறார்கள். அதற்காக அவர் காட்டாமல் விட்டதில்லை. ஜன்னலை மட்டும் திறந்து வைத்துவிடுகிறார்.