மெழுகு ஊறின மண்

டென்மார்க்கில கிரின்ஸ்டெட்டுக்குப் பக்கத்தில ஒரு கோயில் சேமக்காலையில எனக்குப் புல்லு வெட்டுற வேலை. என்ர டேனிஷ் விளங்காமல் உயிரோட இருக்கிறவை என்னோட கதைக்கமாட்டினம். கீழ குழிக்குள்ள கிடக்கிறவையோட அந்தப் பிரச்சினை இல்லை.

எண்பத்தைஞ்சு மாசியில மன்னாரில என்ர தம்பியை ஆமி பிடிச்சுச் சுட்டது. உடம்பு குடுக்கேல்லை. கார்த்திகையில செத்தவையை நினைக்கிற ஆத்துமாக்கள் திருநாளுக்கு மெழுகுதிரி கொளுத்த அவனுக்கெண்டு ஒரு குழியும் இல்லை. மற்றவையின்ர கல்லில கொளுத்த மனம் வரேல்லை. மதிலோரம் கல்லொண்டும் இல்லாமல் வெறும் புல்லு கிடந்தது. ஆருக்கும் சொந்தமில்லாத நிலமெண்டு நினைச்சு அங்க கொளுத்தினன். பிறகு ஒவ்வொரு ஞாயிறும் கொளுத்தினன்.

அடுத்த சித்திரையில அமெரிக்காவில இருந்து ஒரு மனிசி வந்தா. அங்க வெள்ளைக்காரர் குடியேறத் தொடங்கின காலத்தில, முன்னூறு வருசத்துக்கு முந்தி, இந்த ஊரில இருந்து கப்பலேறின ஒருத்தன்ர பரம்பரையாம். அவன்ர தாய்தேப்பனைத் தாட்ட இடத்தைத் தேடுறாவாம். எட கோதாரி! எனக்கு எரிச்சல்தான் வந்தது. முன்னூறு வருசத்துக்கு முந்திச் செத்ததுகளைத் தேட ஆளிருக்கு, போன வருசம் செத்தவனுக்கு இடமில்லை.

பாதிரியார் மதிலோரத்தைக் காட்டினார்.

"பழைய ஆக்கள் எல்லாரும் இதுக்குள்ளதான். பாக்க ஆளில்லாமல் போனால் இங்க கல்லைக் கிளப்பிப்போட்டுப் புல்லு விதைச்சுவிடுவம்."

நான் வெறும் நிலமெண்டு நினைச்ச இடத்தில ஆளுக்குமேல ஆள். இவ்வளவு நாளும் அவையின்ர நெஞ்சுக்கு மேல நிண்டெல்லோ தம்பியோட கதைச்சிருக்கிறன். அவை எல்லாத்தையும் கேட்டுக்கொண்டு கிடந்திருப்பினம். அந்தப் புல்லில மெசின் உருட்டிற கனவு வந்தால் இண்டைக்கும் எனக்குக் கால் கூசும்.

மனிசி உருகிக் கிடந்த மெழுகைக் கண்டிட்டா. "எங்கட சனம் இன்னும் இங்க இருக்கினமோ?" எண்டு இங்கிலிசில கேட்டா. முகமெல்லாம் சந்தோசம்.

எனக்குப் பொய் சொல்ல வாய் வரேல்லை. "இல்லை மேடம், அது என்ர தம்பிக்கு. அவனுக்குக் குழி இல்லை."

மனிசி மெழுகுக்குப் பக்கத்தில குந்தினா. பிறகு கைப்பைக்குள்ள இருந்து ஒரு துணிப்பையை எடுத்தா. கப்பலேறினவன்ர குழியில போட, தாய்தேப்பன் கிடக்கிற மண் கொஞ்சம் கொண்டுபோக வந்தவாவாம். பாதிரியாரைக் கேக்கேல்லை, என்னைத்தான் கேட்டா, "எடுக்கட்டோ?" எண்டு.

"மெழுகை ஒதுக்கிவிடுறன், பொறுங்கோ" எண்டன்.

"வேண்டாம், அதுவும் வரட்டும்" எண்டா.

ரெண்டு கையாலயும் அள்ளிக் குடுத்தன். எனக்கு அழுகை அடக்கேலாமல் வந்திட்டுது.

டென்மார்க் வர என்னைக் கொழும்புக்கு பஸ் ஏத்திவிடேக்க, "அண்ணை, நீ முதல் போ, நான் பின்னால வாறன்" எண்டவன் என்ர தம்பி. கடைசிவரை அவன் மன்னாரை விட்டு வெளிக்கிடேல்லை. இப்ப அமெரிக்காவில, ஆரெண்டே தெரியாத ஒருத்தன்ர குழியில அவன்ர மெழுகு கிடக்கு.